செவ்வியல் கைத்துப்பாக்கிகள்: கடலூர், புதுச்சேரி ஆர்வலர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கங்களை வென்றதிலிருந்து, நம் பக்கத்தில் துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் பெருகியிருக்கிறார்கள். பேச்சு ரைபிளிலிருந்து கைத்துப்பாக்கிக்குத் திரும்பியதும், வரலாற்றில் பெயர் பெற்ற பழைய துப்பாக்கிகளில் எவற்றை ஒருமுறையேனும் சுட்டுப் பார்க்க வேண்டும், அது நமக்கு இயலுமா என்ற ஐயங்கள் எழுகின்றன. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியவை முதலில் வருமாறு தொகுத்திருக்கிறேன்.

1. துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, சார். ரிவால்வர், பிஸ்டல் இரண்டும் ஒன்றுதானே?

இரண்டும் கைத்துப்பாக்கிகள்தாம், இயங்கும் முறை வேறு. ரிவால்வரில் தோட்டாக்கள் ஒரு சுழல் உருளையின் அறைகளில், பெரும்பாலும் ஆறு அறைகளில், இருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் உருளை ஓர் அறை அளவு சுழன்று அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே நிறுத்தும். பிஸ்டலில் தோட்டாக்கள் மேகசின் என்னும் கூட்டில் அடுக்கப்பட்டிருக்கும்; ஒரு தோட்டா வெடித்ததும் அந்த உந்துதலைக் கொண்டே துப்பாக்கி காலி உறையை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிக்கொள்ளும்.

பின்வரும் பதில்களுக்குத் தேவையான இரண்டு சொற்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்புறமுள்ள சுத்தியல் ஏற்கெனவே பின்னுக்கு இழுக்கப்பட்டிருக்க, விரலால் இழுக்கும் விசை (டிரிகர்) அதை விடுவிக்க மட்டும் செய்தால் அது சிங்கிள் ஆக்‌ஷன். விசையை இழுக்கும் ஒரே இழுப்பில் சுத்தியல் பின்னே சென்று விழுந்தால் அது டபுள் ஆக்‌ஷன். முன்னது லேசாகவும் குறுகியதாகவும் இருக்கும். பின்னது நீளமாகவும் கனமாகவும் இருக்கும்.

2. எதை வைத்து ஒரு துப்பாக்கியைக் கிளாசிக் என்கிறீர்கள்? பழசாக இருந்தால் போதுமா?

போதாது. பழைமையான துப்பாக்கிகளில் பல, செய்யப்பட்ட காலத்திலேயே மோசமானவை. ஒரு புதிய இயக்கமுறையை முதன்முதலில் சரியாகச் செய்து காட்டியதும், பின்னால் வந்தவர்கள் பார்த்துப் பின்பற்றியதும், இன்றும் கையில் எடுத்தால் அதை வடிவமைத்தவரின் எண்ணத்தை உணர்த்துவதும் எதுவோ அதையே நான் செவ்வியல் துப்பாக்கி என்கிறேன். இந்த அளவுகோலில் விலையும் அரிதான தன்மையும் இடம்பெறவில்லை. 1982இல் வந்த ஆஸ்திரியாவின் கிளாக் 17 பெரிய மாற்றத்தை உண்டாக்கிய துப்பாக்கிதான். ஆனால் அது இன்றும் எங்கும் அன்றாடப் புழக்கத்தில் இருப்பதால் இந்தப் பக்கத்தில் அதைத் தனியே பேசவில்லை.

3. கடலூரிலோ பாண்டியிலோ இருந்துகொண்டு இதையெல்லாம் சட்டப்படி சுட முடியுமா?

சிலவற்றை முடியும், பலவற்றை முடியாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றே. அவற்றின்படி 9 மி.மீ., .38, .45, .455 (புள்ளியில் தொடங்குபவை அங்குலக் கணக்கு) ஆகிய படைக்கலக் குழல் அளவுகளில் உள்ள கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகை. மத்திய அரசின் தனி அனுமதியின்றி எவரும் அவற்றை வைத்திருக்கக் கூடாது. உலகப் புகழ் பெற்ற கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இந்த அளவுகளிலேயே அடங்கிவிடுகின்றன. .22, .32 போன்றவை தடையில்லா வகை. அவற்றுக்கும் மாவட்ட நிர்வாகத்தின் உரிமம் வேண்டும். காவல்துறையின் விசாரணை உண்டு. தேவைக்கான காரணத்தை நிறுவ வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

ஆனால் சுட்டுப் பார்ப்பதற்கும் சொந்தமாக வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு ரைபிள் கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்தவர், கிளப்பின் உரிமத்தில் உள்ள துப்பாக்கியைப் பயிற்றுநரின் மேற்பார்வையில் அங்கேயே சுடலாம். நண்பரின் உரிமத் துப்பாக்கியைத் தோப்பிலோ கடற்கரையிலோ வாங்கிச் சுட்டுப் பார்ப்பது குற்றம். கொடுத்தவருக்கும் அது ஆபத்து. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், நம் பக்கத்தில் மிகச் சாதாரணமாகக் கேட்கப்படும் யோசனை இதுவாகவே இருப்பதுதான்.

4. அப்படியானால் எங்கே தொடங்குவது? என்ன வயது ஆக வேண்டும்?

10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இந்தியாவிலேயே நல்லவை தயாராகின்றன. போட்டி இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. மட்டுமே. ஒரு கையால் பிடித்து அதை அடிக்கக் கற்றவருக்கு வேறெந்தக் கைத்துப்பாக்கியும் அந்நியமாக இராது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பெற்ற இரண்டு வெண்கலங்களும் இந்தப் பிரிவில் வந்தவையே.

வெடிமருந்துத் துப்பாக்கிக்கான உரிமம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். விளையாட்டுப் பயிற்சிக்கு அதற்குக் குறைந்த வயதினரையும் மேற்பார்வையின்கீழ் சட்டம் அனுமதிக்கிறது. சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் ரைபிள் கிளப்புகள் உள்ளன. எந்தக் கிளப்பில் சேர்ந்தாலும் அது மாநிலச் சங்கத்தின் வழியாக 1951இல் தொடங்கப்பட்ட இந்தியத் தேசிய ரைபிள் சங்கத்துடன் இணைந்ததா என்பதை முதலில் பாருங்கள். கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டவர்களுக்குக் குறி பார்க்கும் அடிப்படை ஓரளவு தெரிந்திருக்கும். ஆனால் தோளில் தாங்கும் துப்பாக்கிக்கும் நீட்டிய கையில் நிற்கும் துப்பாக்கிக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

5. நம் நாட்டிலேயே சுடக் கிடைக்கும் கிளாசிக் ஏதாவது உண்டா, இல்லை எல்லாவற்றுக்கும் வெளிநாடு போக வேண்டுமா?

உண்டு. அதைத்தான் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம். கான்பூரில் அரசுத் தொழிற்சாலை தயாரிக்கும் .32 ரிவால்வர், பிரிட்டனின் வெப்ளி மார்க் 4 என்னும் .38 ரிவால்வரின் வழிவந்தது. வெப்ளி ரிவால்வர்கள் 1887 முதல் பிரிட்டிஷ் படைகளின் அதிகாரபூர்வக் கைத்துப்பாக்கிகளாக இருந்தன; முதல் உலகப் போரின்போது, 1915இல், அதன் புகழ்பெற்ற .455 மார்க் 6 வந்தது. அந்தக் குடும்பத்தின் தனி அடையாளம் நடுவில் மடங்கித் திறக்கும் உடல். கட்டைவிரலால் நெம்புகோலை அழுத்திக் குழலைக் கீழே சாய்த்தால், உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழுந்து ஆறு காலி உறைகளையும் ஒரே வீச்சில் வெளியே தள்ளிவிடும். குதிரைமீது இருப்பவரும் சேற்றில் கிடப்பவரும் விரைவாக மீண்டும் நிரப்ப வேண்டும் என்ற தேவைக்கு அன்று கிடைத்த மிக நேர்த்தியான விடை அது.

அந்த அசைவை இன்று கான்பூர் ரிவால்வரில் நீங்கள் கையால் உணரலாம். ஆறு தோட்டாக்கள், சுமார் 700 கிராம் எடை, மூன்று அங்குலக் குழல். விசை கனமானது, டபுள் ஆக்‌ஷனில் அது விரலைச் சோதிக்கும். குறி காட்டும் முனைகள் சிறியவை. இவை குறைகளே. ஆயினும் உலகின் பல நாடுகளில் அருங்காட்சியகப் பொருளாகிவிட்ட ஓர் இயக்கமுறை இங்கே இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு செவ்வியல் துப்பாக்கியை மட்டுமே சுட வாய்ப்பு என்று யாராவது கேட்டால், நான் மடங்கித் திறக்கும் வெப்ளி வகையையே சொல்வேன். கிளப்பிலோ உரிமம் பெற்றோ .32ஐச் சுடும் வாய்ப்பு வந்தால், வெளிநாட்டுப் பெயர்களுக்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

6. .32 எல்லாம் சின்னத் தோட்டா, பவர் கிடையாது என்கிறார்களே?

இலக்குச் சுடுதலில் ஆற்றல் என்பது தாளில் துளையிடப் போதுமான அளவு இருந்தால் போதும்; அதற்கு மேற்பட்டது கையை அலைக்கழிக்கும் சுமை. கான்பூர் ரிவால்வர் சுடும் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் என்னும் தோட்டா 1896இல் வந்தது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் உலகின் தலைசிறந்த வீரர்கள் பயன்படுத்துவதும் இதே தோட்டாவின் தட்டைமுனை வடிவத்தைத்தான். ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டிலும் 2006 தோஹா ஆசிய விளையாட்டிலும் தங்கம் வென்றது இந்த சென்டர் ஃபயர் பிரிவில். தோஹாவில் அவர் எடுத்த 590 புள்ளிகள் அன்றைய உலகச் சாதனைக்குச் சமம். இதற்குப் பிறகும் அது சிறிய தோட்டா என்று குறைவாகச் சொல்பவரிடம் வாதிட வேண்டியதில்லை.

7. வாஞ்சிநாதன் பாண்டியில் பயிற்சி எடுத்தாராமே? அவர் வைத்திருந்தது என்ன துப்பாக்கி?

லண்டனிலிருந்து தப்பி 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர், இங்கே இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார். வாஞ்சிநாதன் அவர்களுள் ஒருவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுடவும் பின்னர்த் தம்மைச் சுட்டுக்கொள்ளவும் அவர் பயன்படுத்தியது பெல்ஜியத் தயாரிப்பான பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி.

ஆயுத வரலாற்றின் பக்கம் நின்று பார்த்தால், அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைக்க, பெல்ஜியத்தின் எர்ஸ்டால் நகரிலுள்ள எஃப்.என். நிறுவனம் தயாரித்த அந்தச் சிறிய பிஸ்டல்கள்தாம் கைத்துப்பாக்கியின் நவீன வடிவத்தைத் தொடங்கிவைத்தன. குழலின் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு என்னும் உறுப்பு அவற்றிலிருந்தே உலகெங்கும் பரவியது. அவற்றுக்காக உருவான 7.65 மி.மீ. தோட்டா, அதாவது .32 ஏ.சி.பி., இந்தியாவில் இன்றும் தடையில்லா வகையில் இருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன ரிவால்வர் தோட்டாவும் இதுவும் வேறு வேறு. எண் ஒன்றாக இருப்பதால் ஒன்றை மற்றொன்றில் இட்டுச் சுட முயலக் கூடாது.

8. 1911, 1911 என்று எல்லோரும் சொல்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆன துப்பாக்கியில் அப்படி என்ன இருக்கிறது?

அதே பிரௌனிங்கின் முதிர்ந்த படைப்பு அது. அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் அதை ஏற்றுக்கொள்வதற்கு முன் நடத்திய சோதனையில், 6000 தோட்டாக்களை அது பழுதின்றிச் சுட்டது. சூடேறியபோது தண்ணீரில் முக்கியெடுத்துத் தொடர்ந்தார்கள். 1985 வரை அதுவே அந்நாட்டுப் படைகளின் முதன்மைக் கைத்துப்பாக்கி. .45 தோட்டா, ஏழு தோட்டா மேகசின், ஒரு கிலோவைத் தாண்டும் எஃகு உடல்.

பெயருக்காக அல்லாமல் விசைக்காக அதைச் சுட வேண்டும். பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் விசை ஓர் ஆணியைச் சுற்றி வளைந்து நகரும். 1911இன் விசை நேராகப் பின்னோக்கி நகரும். சுத்தியல் ஏற்கெனவே நிமிர்ந்திருப்பதால் இழுப்பு மிகக் குறுகியது. விரல் பக்கவாட்டில் தள்ளாமல் நேராக இழுத்தால் குண்டு எங்கே போகும் என்பதைச் சொல்லில் புரியவைப்பதைவிட இந்த ஒரு விசை தெளிவாகப் புரியவைக்கும். பிடியின் பின்புறத்தில், உள்ளங்கை அழுத்தினாலொழியச் சுடவிடாத பாதுகாப்புத் தகடு ஒன்றும் உண்டு. .45 தோட்டாவின் பின்னுதைப்பு அஞ்சத்தக்கதன்று. துப்பாக்கியின் கனம் அதில் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்வதால், அது கூர்மையான அடியாக இராமல் மெதுவான தள்ளலாகவே தோன்றும்.

9. நம்ம போலீஸ் இடுப்பில் இருக்கும் 9 எம்.எம். எது? அதுவும் பழைய மாடலா?

காவல்துறையிலும் ராணுவத்திலும் நெடுங்காலமாகக் காணப்படுவது, இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் தயாரான 9 மி.மீ. 1ஏ பிஸ்டல். அதன் மூலம் பெல்ஜியத்தின் பிரௌனிங் ஹை பவர். பிரௌனிங் அந்த வேலையைத் தொடங்கி, முடிக்குமுன் 1926இல் காலமானார், எஃப்.என். நிறுவனத்தின் தியெதோனே சேவ் அதை முடித்து 1935இல் வெளிவரச் செய்தார். தோட்டாக்களை இரு வரிசையாக அடுக்கி 13 தோட்டாக்களைக் கைக்கு அடங்கும் பிடிக்குள் கொண்டுவந்ததே சேவின் பெரிய சாதனை. இரண்டாம் உலகப் போரில் இரு தரப்பும் அதைப் பயன்படுத்தின. இந்தியத் தயாரிப்பு, கனடாவில் இங்லிஸ் நிறுவனம் செய்த வடிவத்தைப் பின்பற்றுகிறது. மூன்றாம் பதிலில் சொன்னபடி இது தடைசெய்யப்பட்ட வகை என்பதால், பணியில் இல்லாதவர்கள் இங்கே இதைச் சுட வழியில்லை.

10. லூகர், மவுசர் இதெல்லாம் பார்க்க அழகு. சுடவும் நன்றாக இருக்குமா?

ஜெர்மானியரின் லூகர் உண்மையிலேயே சுடுவதற்கு இனிமையானது. அதில் ஸ்லைடு கிடையாது. சுட்டதும் மேற்புறத்தில் உள்ள கணு முழங்கால் மடங்குவதுபோல மேல்நோக்கி மடங்கி, உறையை எறிந்துவிட்டு மீண்டும் நிமிரும். பிடி நன்றாகச் சாய்ந்திருப்பதால், கையை நீட்டினாலே குழல் இலக்கை நோக்கிவிடும். சுவிட்சர்லாந்து 1900இலும், ஜெர்மானியக் கடற்படை 1904இலும், தரைப்படை 1908இலும் அதை ஏற்றன. இன்று உலகில் மிக அதிகமாகப் புழங்கும் 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டா லூகருக்காகப் பிறந்ததே. குறை என்னவென்றால், அதன் பாகங்கள் மிக நெருக்கமாகப் பொருந்தியவை. அழுக்கையும் வலுவிழந்த தோட்டாவையும் அது பொறுக்காது.

1896ஆம் ஆண்டின் மவுசர் வேறு வகை. மேகசின் பிடிக்குள் இல்லாமல் விசைக்கு முன்னால் இருக்கும். பத்துத் தோட்டாக்களை ஒரு தகட்டில் கோத்து மேலிருந்து அழுத்தி நிரப்ப வேண்டும். அதன் மர உறையையே பின்னால் பொருத்தினால் தோளில் தாங்கிச் சுடலாம். இளம் அதிகாரியாக இருந்த சர்ச்சில் 1898இல் ஓம்துர்மான் போரில் இதையே பயன்படுத்தினார். உருண்டையான அதன் பிடி கைக்குள் சுழன்றுவிடும் இயல்புடையது. வரலாற்றை அறியச் சுடலாம். துல்லியத்தை எதிர்பார்த்துச் சுட்டால் ஏமாற்றமே.

11. கவ்பாய் துப்பாக்கியைச் சுழற்றிக் காட்டுவார்களே, அது?

1873ஆம் ஆண்டின் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலை இழுக்க வேண்டும். பக்கவாட்டுக் கதவின் வழியாக ஒவ்வொன்றாகத் தோட்டா நிரப்ப வேண்டும். பின்னுதைப்பின்போது அதன் வளைந்த பிடி உள்ளங்கைக்குள் உருண்டு குழல் மேலெழும். அதை இறுக்கித் தடுக்காமல் எழவிடுவதே சரியான முறை. பழைய வடிவத்தில் சுத்தியலின் முனை தோட்டாவின்மீதே அமர்ந்திருக்கும் என்பதால், ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியலைக் காலி அறையின்மேல் விடுவார்கள். சுழற்றிக் காட்டுவதை எந்தச் சுடுதளமும் அனுமதிக்காது. அனுமதிக்கும் இடம் இருந்தால் அங்கிருந்து வெளியேறிவிடுங்கள்.

12. எங்கள் தாத்தா சொல்தா. அவர் காலத்துப் பிரெஞ்சுத் துப்பாக்கிகள் நல்லவையா? வீட்டுப் பெட்டியில் பழையது ஒன்று கிடைத்தால் வைத்துக்கொள்ளலாமா?

இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போய் வந்த சொல்தாக்களின், அதாவது பிரெஞ்சுப் படைவீரர்களின், குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய இருப்பதால், இந்தக் கேள்வி வேறெந்த ஊரையும்விட இங்கேதான் அதிகம் வரும். பிரெஞ்சு ராணுவத்தின் 1892ஆம் ஆண்டு ரிவால்வர் 8 மி.மீ. தோட்டா சுடுவது. பெரும்பாலான ரிவால்வர்களில் உருளை இடப்பக்கம் திறக்க, இதில் வலப்பக்கம் திறக்கும். செய்நேர்த்தி மிக உயர்ந்தது, தோட்டா வலுவற்றது. 1950ஆம் ஆண்டு மாதிரியான மாக் 50 என்னும் 9 மி.மீ. பிஸ்டல், ஒன்பது தோட்டா மேகசினுடன், அலங்காரம் ஏதுமின்றி நம்பகமாக உழைத்தது. அதன் இடத்துக்கு கிளாக் 17 வருவதாக பிரான்ஸ் 2020இல் அறிவித்தது. என் பட்டியலில் 1892 ரிவால்வருக்கு இடமுண்டு.

இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். உரிமமில்லாத துப்பாக்கி கிடைத்தால், அது எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும், அதை இயக்கிப் பார்க்காமலும் வேறிடத்துக்கு எடுத்துச் செல்லாமலும் ஒரு வழக்கறிஞரின் துணையுடன் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். உரிமம் பெற்றிருந்தவர் இறந்துபோயிருந்தால், துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழியுண்டு. பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையிலுள்ள தொன்மைப் பொருளுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது என்பது உண்மை. ஆனால் உங்கள் கையிலுள்ளது அந்த நிலையில் இருக்கிறதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளக் கூடாது.

13. பேங்காக் போகிறேன், அங்கே சுடுதளம் இருக்கிறதாம். எந்த வரிசையில் சுட்டால் நல்லது?

பேங்காக், பட்டாயா, புக்கெட், பிராக் முதலிய இடங்களில் சுற்றுலாப் பயணிகள் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பயிற்றுநர் உடனிருக்கச் சுடலாம். பிரான்சில் உறவினர் இருப்பவர்கள், அங்கே விளையாட்டுச் சுடுதல் கூட்டமைப்பில் இணைந்த கிளப்புகள் வழியாகவே நடப்பதால், புறப்படுமுன் கிளப்புக்கு எழுதி அனுமதி கேட்க வேண்டும்.

வரிசை இதுதான்: முதலில் .22, பிறகு .38 ரிவால்வர், பிறகு 9 மி.மீ., கடைசியில் .45. பெரும்பாலானோர் தலைகீழாகத் தொடங்கி, .44 மேக்னம் போன்ற பெருந்தோட்டாவை முதலில் சுட்டுவிட்டு, நாள் முழுவதும் அந்த அதிர்ச்சியோடு குறி தவறுகிறார்கள். .22இல் 1949ஆம் ஆண்டின் ரூகர் வகை கிடைத்தால் விடாதீர்கள். லூகரை நினைவூட்டும் சாய்ந்த பிடி, பின்னுதைப்பு மிகக் குறைவு. .38இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10ஐக் கேளுங்கள். 1899இல் தொடங்கிய அந்த வரிசையின் டபுள் ஆக்‌ஷன் விசை, சீராக இழுப்பது என்றால் என்ன என்பதைக் கற்றுத்தரும். செக் நாட்டின் 1975ஆம் ஆண்டு வடிவமான சி.இசட். 75 இருந்தால், 9 மி.மீ.க்கு அதுவே என் தேர்வு. ஐந்து துப்பாக்கிகளை ஐந்தைந்து தோட்டா சுடுவதைவிட, இரண்டு துப்பாக்கிகளை நிதானமாகச் சுடுவது மேல்.

காதுக் காப்பும் கண்ணாடியும் கட்டாயம். ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் தீப்பொறி பக்கவாட்டில் சீறும். இடக்கை விரல் அதற்கு முன்னே நீளக் கூடாது. பிஸ்டலில் கட்டைவிரல் ஸ்லைடுக்குப் பின்னால் குறுக்கே இருக்கக் கூடாது. ரிவால்வர் பிடித்துப் பழகியவர்கள் இதில்தான் காயப்படுகிறார்கள். குழல் எப்போதும் இலக்கின் பக்கம், சுட முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே.

14. வெடிக்கும் முன்னாலேயே என் கை கீழே அமுங்குகிறது. என்ன செய்வது?

வரப்போகும் சத்தத்தை எதிர்பார்த்து உடல் முந்திக்கொள்கிறது. இதற்கு ரிவால்வரே சிறந்த மருந்து. பயிற்றுநரிடம் சொல்லி, ஆறு அறைகளில் இரண்டு மூன்றில் மட்டும் தோட்டா இட்டு, எது எங்கே என்று உங்களுக்குத் தெரியாமல் உருளையை மூடச் சொல்லுங்கள். காலி அறை வரும்போது குழல் தாழ்வது உங்கள் கண்ணுக்கே தெரியும். தெரிந்த பிறகு அது குறையத் தொடங்கும்.

வீட்டில் ஏர் பிஸ்டலைக் கொண்டு வெற்று விசைப் பயிற்சி செய்யலாம், அதற்கான வசதி அந்தத் துப்பாக்கியில் இருந்தால். பழைய .22 துப்பாக்கிகளில் அப்படிச் செய்யாதீர்கள். அவற்றில் சுடும் ஊசி தோட்டாவின் விளிம்பில் மோதுவது. தோட்டா இல்லாதபோது அது அறையின் விளிம்பையே கொத்திச் சிதைத்துவிடும்.

15. அளவு பொருந்தினால் பழைய துப்பாக்கியில் புதுத் தோட்டா போடலாம்தானே?

அறைக்குள் நுழைவதாலேயே ஒரு தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு உரியதாகிவிடாது. .455 வெப்ளிகள் பலவற்றின் உருளையைப் பின்னாளில் சீவி, .45 ஏ.சி.பி. தோட்டா ஏற்கும்படி மாற்றினார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் அந்த ரிவால்வர் தாங்கும்படி சோதிக்கப்பட்ட அளவைத் தாண்டக்கூடியது. உருளை வெடித்துப் பிளந்த நிகழ்ச்சிகள் உண்டு. அவ்வாறே சோவியத்தின் டோக்கரேவ் தோட்டா மவுசரின் அறையில் நுழையும், ஆனால் அதைவிட வேகம் கூடியது. வெளிநாட்டுச் சுடுதளத்தில் பழைய துப்பாக்கியைத் தரும்போது, எந்தத் தோட்டா என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல பயிற்றுநர் அந்தக் கேள்வியை மதிப்பார்.

16. உரிமம் வாங்கி ஒரு .32 வைத்திருக்கிறேன். வீடு தேவனாம்பட்டினத்தில், கடலுக்குப் பக்கத்தில். துரு ஏறிக்கொண்டே இருக்கிறது.

உப்புக் காற்று நீலப்பூச்சுள்ள எஃகை எளிதில் அரிக்கும். தோல் உறையில் வைப்பதே பெரும்பாலும் காரணம்; தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறையிலிருந்து எடுத்து, எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து, பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வையுங்கள். விரல்பட்ட இடங்களை உடனே துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. எண்ணெயை அள்ளி ஊற்றாதீர்கள். அது தோட்டாவின் அடியில் வெடிமருந்துக்குத் தீ மூட்டும் பிரைமருக்குள் இறங்கினால் தோட்டா வெடிக்காமல் போகலாம்.

மிகப் பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமர் எரிந்தபின் ஒரு வகை உப்பைக் குழலில் விட்டுச்செல்லும். எண்ணெய் அதைக் கரைக்காது. வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்பின் எண்ணெயிட வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்து துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேரும்போதும், துடைத்து எண்ணெயிட்டுக் கொடுத்து, ரசீதில் வரிசை எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

17. வெளிநாட்டில் நான் சுட்ட தோட்டாவின் காலி உறையை ஞாபகார்த்தமாகக் கொண்டு வரலாமா?

வேண்டாம். உறை காலியானதுதான் என்றாலும், விமான நிலையச் சோதனைக் கருவியில் அது தோட்டாவாகவே தெரியும். பையைத் திறந்து விளக்கம் சொல்லிப் பயணத்தை இழப்பவர்கள் உண்டு. தவறுதலாக வெடிக்காத தோட்டா ஒன்று பையின் மூலையில் தங்கிவிட்டால், அது ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்கு. சுடுதளத்துக்குப் போன பையை விமானத்துக்கு எடுத்துச் செல்லாமலிருப்பதும், முடியாவிட்டால் அதன் எல்லா அறைகளையும் கவிழ்த்துப் பார்ப்பதும் நல்லது. நீங்கள் துளையிட்ட காகித இலக்கைச் சுருட்டிக் கொண்டுவருவதை யாரும் தடுப்பதில்லை.